நாலு வயசுக்குப் பனிக்கரடியா, பிச்சாவரமா?

கெடிலக்கரை: அங்கன்வாடிப் பிள்ளைகளுக்கு 16 பக்கப் படப்புத்தகம் ஒன்றின் வரைவு கைக்கு வந்திருக்கிறது. பொருள் பருவநிலை மாற்றம். 3ஆம் பக்கத்தில் பனி உருகிக் கடல் ஏறுகிறது, பனிக்கரடி அழுகிறது. 7இல் சுனாமி. 9இல் புதுச்சேரிக் கடற்கரையில் மணல் காணாமல் போகிறது. கடைசியில் ‘உலகைக் காப்பாற்று’. நாலு வயசுக்கு இந்தப் பாரம் எதுக்கு? மழை, வெயில், காத்துன்னு சொன்னா பத்தாதா?

உப்பளம்: பத்தாது. 2011இல் தானே புயல், 2024இல் ஃபெஞ்சல் புயல், ரெண்டும் நம்ம பக்கம்தான் கரையேறின. ஃபெஞ்சலில் புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கும் மேல் மழை. வாசலில் தண்ணி நின்ன பிள்ளைகிட்ட அதைப் பேசாம இருக்க முடியாது. ஆனா 7ஐயும் 9ஐயும் தூக்கணும். 2004 சுனாமி சுமத்ரா அருகே கடலடி நிலநடுக்கத்தால் வந்தது, சூட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை. புதுச்சேரியில் மணலைத் தின்றது முக்கியமா துறைமுகத் தடுப்புச்சுவர். மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகரும். சுவர் மறிச்சதும் வடக்கே கரை அரிச்சுது.

கெடிலக்கரை: பாத்தீங்களா, எழுதினவங்களுக்கே குழம்புது! சூடு ஏன் ஏறுதுன்னு ஓசோன் ஓட்டையை இழுக்காம வரைஞ்சு காட்டுங்க பாப்போம்.

உப்பளம்: போர்வைதான். பூமிக்கு ஏற்கெனவே சூட்டைப் பிடிச்சு வைக்கிற வாயுப் போர்வை ஒண்ணு உண்டு, அது இல்லேன்னா குளிர்ல விறைச்சுப்போகும். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி எரியுது, ரோட்டுல பைக் ஓடுது, அதுல கிளம்புற கார்பன் டை ஆக்சைடால போர்வை தடிக்குது. ஒண்ணு கவனிக்கணும்: கரும்புகையா வரையாதீங்க. கார்பன் டை ஆக்சைடு கண்ணுக்குத் தெரியாது. கருப்பா வரைஞ்சா ‘அழுக்குக் காத்து’ன்னுதான் மனசுல பதியும். புகைபோக்கியிலிருந்து மெல்லிய நூல் கிளம்பி மேலே போர்வையோட பின்னிக்கிற மாதிரி வரையலாம்.

பலாக்கொட்டை: வாசிச்சுக் காட்டுறதையே மறந்துட்டீங்களே. பக்கத்துக்கு ரெண்டு வரி, 12 சொல்லுக்குள். பளபளப்புத் தாள் வேண்டாம். டியூப் லைட் பட்டா ஓரத்துல உக்காந்த பிள்ளைக்கு வெள்ளையாத்தான் தெரியும். முகம் நடு மடிப்பில் விழக்கூடாது. 3ஆம் பக்கமும் தப்பு. மிதக்கிற பனி உருகினா மட்டம் ஏறாது, நிலத்துமேல இருக்கிற பனி உருகினாதான் ஏறும். ரெண்டு கண்ணாடி டம்ளர் போதும். ஒண்ணுல ஐஸ் மிதக்கணும். இன்னொண்ணுல தண்ணிக்கு வெளியே தலை நீட்டுற கல்லு, அதுமேல ஐஸ். கல்லு முங்கினா சோதனை கெட்டுது. மட்டத்தைப் பேனாவால குறிக்காதீங்க, வெளிப்பக்கம் வேர்த்து அழிஞ்சிடும். ரப்பர் பேண்ட் மாட்டுங்க. உருக அரைமணி நேரமாவது ஆகும், சாப்பாட்டுக்கு முன்னால வச்சுட்டுப் போங்க.

கெடிலக்கரை: டம்ளர் சோதனை நல்லாத்தான் இருக்கு. அது 5 வயசுக்கு. 3 வயசுக்காரன் ஐஸை எடுத்து வாயில போட்டுக்குவான். கடைசிப் பக்கத்துக்கு யாரும் பதில் சொல்லலையே?

உப்பளம்: அந்த வரியை எடுத்துட்டுப் பிச்சாவரத்து அலையாத்திக் காட்டை வைங்க. அங்கே இருக்கிற சுரபுன்னை மரத்துல, விதையிலிருந்து வர்ற முளை மரத்திலேயே முருங்கைக்காய் கணக்கா தொங்கும். சேத்துல குத்தி நின்னு வேர் விடும், இல்லேன்னா தண்ணியோட போய் வேற இடத்துல ஒதுங்கும். அதை வரைஞ்சா பிள்ளை திரும்பத் திரும்பக் கேக்கும். ‘மரம் நட்டா புயல் வராது’ன்னு மட்டும் எழுதிடாதீங்க. அலையோட வேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான்.

கெடிலக்கரை: சரி, அட்டையில ‘5 வயதுக்கு மேல்’னு போடுங்க, ஒத்துக்கிறேன். அதுக்குக் கீழேன்னா முளைப் பக்கம் மட்டும் போதும், போர்வைகூட வேண்டாம்.