கப் வாகனத்துக்குப் புல் பாரும் கனோப்பியும் போட்ட பிறகு எத்தனை மூட்டை ஏற்றலாம்?

வட்டக்கச்சி_கமக்காரன்
வணக்கம் உறவுகளே. போன மாதம் பழைய ஹைலக்ஸ் டபிள் கப் (இரண்டு வரிசை இருக்கை, பின்னால் திறந்த பெட்டி) ஒன்று எடுத்தேன். காலபோக அறுவடைக்கு முன் சில வேலைகள் செய்ய யோசனை: முன்னுக்குப் புல் பார் (மோதினால் தாங்கும் இரும்புச் சட்டம்), பின்னுக்குக் கனோப்பி (பெட்டியை மூடும் கூடு), கூரையில் கரியர், பெட்டிக்குள் 3 மில்லிமீற்றர் இரும்புத் தகடு, இன்னொரு ஸ்பெயார் சில்லு. பாரம் தாங்கப் பின் அச்சை ஏந்தும் வில்லில் (தகடு அடுக்கிய ஸ்பிரிங்) இரண்டு தகடு கூடப் போடலாம் என்கிறார் ஒட்டு வேலை செய்யும் தம்பி. பதிவுப் புத்தகத்தில் வெறும் எடைக்கும், பாரத்தோடு அனுமதித்த மொத்த எடைக்கும் வித்தியாசம் ஏறக்குறைய 1,000 கிலோ. 70 கிலோ நெல் மூட்டை 12 ஏற்றிப் பரந்தன் ஆலைக்குப் போகலாம் தானே?

ஏ35_ராசா
தாராளமாகப் போகலாம் அண்ணை. 840 கிலோ தானே. புல் பாரை மட்டும் விட்டுவிடாதீர்கள். பரந்தன்–முல்லைத்தீவு வீதியில் இரவில் மாடு நடுவே படுத்து அசை போடும். போன மாரியில் எனக்கு முன் வந்த காருக்கு ரேடியேட்டரே போய்விட்டது. எனக்குப் பார் வளைந்ததோடு சரி.

பழைய_கராச்
தம்பி கமக்காரன், அந்த 1,000 கிலோவை நெல்லுக்கு மட்டும் என்று நினைக்கிறீர்கள். கராசில் நான் தூக்கி இறக்கிய அனுபவத்தில் சொல்கிறேன்: பார் 55, கனோப்பி 60, கரியர் 30, சில்லு 30. இரும்புத் தகடு 3 மில்லிமீற்றர் என்றால் ஒரு சதுர மீற்றர் 23 கிலோவுக்கு மேல். உங்கள் பெட்டித் தரைக்கு 54 கிலோ பிடிக்கும். மொத்தம் 229. நீங்களும் ஏற்றி இறக்க வரும் இரண்டு பேரும் 210. மிச்சம் 561 கிலோ. எட்டு மூட்டை. நாலு மூட்டை நெல்லை வீட்டில் விட்டுவிட்டு இரும்பை ஏற்றிக்கொண்டு ஆலைக்குப் போகப் போகிறீர்கள்.

ஏ35_ராசா
ஐயா, புத்தகக் கணக்குப் பார்த்தால் வன்னியில் ஒரு வாகனமும் ஓடாது. டாட்டா ஏஸ், நம்முடைய பட்டா, 750 கிலோ வாகனம். அதில் ஆயிரத்துக்கு மேல் மணலும் கல்லும் ஏற்றுகிறார்கள். அதோடு அண்ணை வில்லுத் தகடு கூடப் போடுகிறார். அது தாங்கும்.

பழைய_கராச்
வில்லு தாங்கும். அச்சு? பெயாரிங்? பிரேக்? ரயர்? மொத்த எடை என்பது இவை எல்லாவற்றையும் பார்த்துக் கம்பனி போட்ட எண். ரயரின் பக்கச் சுவரில் பாரக் குறியீடு 112 என்று இருந்தால் ஒரு ரயர் 1,120 கிலோ வரை, 88 என்றால் 560 கிலோ வரை, அதுவும் காற்றுச் சரியாக இருந்தால். வில்லில் பத்துத் தகடு போட்டாலும் அந்த எண் மாறாது.

இன்னொன்று, இதை ஒட்டு வேலைக்காரர் யாரும் சொல்வதில்லை. பழைய கப் வாகனங்கள் பலவற்றில் பின் அச்சுக்கும் சேஸிக்கும் இடையில் மெல்லிய கம்பி ஒன்றும் அதன் முனையில் வால்வு ஒன்றும் இருக்கும். பின்பக்கம் பாரத்தில் பதியப் பதிய, அந்தக் கம்பி அசைந்து பின் பிரேக்குக்கு அழுத்தம் கூடக் கொடுக்கும். வில்லை விறைப்பாக்கினால் பெட்டி பதியாது. வால்வு வாகனம் வெறுமையாக ஓடுகிறது என்று நினைத்துப் பின் பிரேக்கைக் குறைத்தே வைத்திருக்கும். வில்லுக்குத் தகடு போட்ட ஒருவர் முழுப் பாரத்தோடு பிரேக் பிடிக்கவில்லை என்று வந்தார். பிரேக் ஷூ புதிது, பிரேக் எண்ணெய் சரி. குனிந்து பார்த்தால் கம்பி அசையவே இல்லை.

முள்ளியவளை_ரீச்சர்
கராச் ஐயா எவ்வளவு என்று சொன்னார். எங்கே என்பதையும் பார்க்க வேண்டும். பெற்றோல் இல்லாத காலத்தில் சைக்கிள் கரியரில் விறகு கட்டியவர்களுக்கு இது தெரியும்: கட்டு கொஞ்சம் பின்னுக்குப் போனால் முன் சில்லு எழும்பும், ஹான்டில் கையில் நிற்காது.

ஹைலக்ஸின் இரண்டு அச்சுக்கும் இடைத்தூரம் 3.085 மீற்றர். பின் அச்சிலிருந்து ஒரு மீற்றர் பின்னால், பெட்டியின் பின் கதவோரம், நாலு மூட்டை 280 கிலோ வைத்தால் பின் அச்சு 371 கிலோவை உணரும். கூடுதல் 91 கிலோ எங்கிருந்து வந்தது? முன் அச்சிலிருந்து கழன்று வந்தது. முன் சில்லுகள் திருப்பவும் நிறுத்தவும் வேண்டியவை. அதோடு விளக்கு மேலே பார்த்து எதிரே வருபவரின் கண்ணைக் குத்தும்.

ஏ35_ராசா
ரீச்சர், நீங்களே என் பக்கம் வந்துவிட்டீர்கள்! பின்னால் பாரம் முன்னைத் தூக்கினால், முன்னால் புல் பார் அதை அமத்தும். அப்ப பார் நல்லது தானே?

முள்ளியவளை_ரீச்சர்
ஒரு பகுதி சரி, மறுக்கவில்லை. 55 கிலோ பார் முன் அச்சுக்கு 90 சென்ரிமீற்றர் முன்னால் என்றால் முன் அச்சில் 71 கூடும், பின்னில் 16 குறையும். ஆனால் வாகனத்தின் மொத்த எடையிலிருந்து அந்த 55 கழியாது. வெறுமையாக ஓடும் நாளெல்லாம் முன் வில்லும் முன் ரயரும் அதைச் சுமக்கும். 55 கிலோ இரும்பைக் காவுவதை விட, மூட்டைகளைக் கபினோடு ஒட்டி அடுக்குவதற்குச் செலவே இல்லை.

நெடுங்கேணி_வாசி
கூரைக் கரியரைப் பற்றி யாரும் பேசவில்லை. நான் கோடையில் அதில் 200 லீற்றர் தண்ணீர்ப் பீப்பாய் வைத்து ஓடியவன், அதாவது தலைக்கு மேல் 200 கிலோ. குளக்கட்டு வளைவில் பீப்பாய் பாதியாக இருந்தபோது தண்ணீர் ஒரு பக்கம் அடித்து, வாகனம் மறுபடி நிமிர எடுத்த அந்த ஒரு கணம் போதும். கரியரைக் கழற்றிக் கோழிக்கூட்டுக்கு மேல் போட்டுவிட்டேன்.

வட்டக்கச்சி_கமக்காரன்
எல்லாருக்கும் நன்றி. இன்று ஆலைக்குப் போய், லொறி நிறுக்கும் தராசில் வாகனத்தை வெறுமையாக ஏற்றினேன். முதலில் முழுதாக, பிறகு முன் சில்லுகள் மட்டும், பிறகு பின் சில்லுகள் மட்டும். முந்திய சொந்தக்காரர் போட்ட இழுவைக் கொக்கியும் பக்கப் படிகளும் இருந்ததை மறந்தே போனேன். புத்தகத்தில் உள்ளதை விட 90 கிலோ கூட. இன்னும் ஒன்றும் பூட்டவில்லை! பெட்டித் தகடு, கரியர், இரண்டாவது ஸ்பெயார் சில்லு வேண்டாம். கனோப்பி மாரிக்கு வேண்டும். வில்லைத் தொடவில்லை. பார் விடயத்தில் வீட்டுக்காரி ராசா தம்பியின் பக்கம்.

ஏ35_ராசா
அக்காவுக்கு மாடு பற்றித் தெரியும். பன்னிரண்டு மூட்டையை இரண்டு நடையாகக் கொண்டுபோகும்போது டீசல் காசை ரீச்சரிடம் வாங்குங்கள்.

பழைய_கராச்
பார் போடும் நாளில் முன் சில்லுக்கு அலைன்மென்ற் (சில்லுகளின் நேர்) பார்க்காமல் போகாதீர்கள். பார்த்த பிறகு காற்றையும் பாருங்கள்.