ஒடியா பேசும் குழந்தை அங்கன்வாடியில் வாய் திறப்பதே இல்லை

கேள்வி: அங்கன்வாடிப் பணியாளர், திருப்பூர்

எங்கள் மையத்தைச் சுற்றிப் பனியன் கம்பெனிகள். ஜூனில் சேர்ந்த நான்கு வயதுப் பெண் குழந்தை இதுவரை ஒரு சொல் பேசவில்லை. பெற்றோர் ஒடிசாக்காரர்கள். பாட்டு நேரத்தில் கையை மட்டும் ஆட்டுகிறாள். முட்டையை வாங்கிக்கொண்டு மூலைக்குப் போய்விடுகிறாள். “வீட்டிலும் தமிழே பேசச் சொல்” என்கிறார் பக்கத்து மையத்து அக்கா. அந்தத் தாய்க்குத் தமிழ் தட்டுத்தடுமாறித்தான் வரும். சொல்லலாமா?

பதில் 1

முதலில் காது நன்றாகக் கேட்கிறதா என்று பாருங்கள். ஆர்.பி.எஸ்.கே. (குழந்தைகளின் உடல்நலத்தைப் பரிசோதிக்கும் அரசுத் திட்டம்) மருத்துவக் குழு ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிக்கு வர வேண்டும், அவர்களிடம் காட்டலாம்.

பதில் 2: ஓய்வுபெற்ற பணியாளர்

தயவுசெய்து சொல்லாதீர்கள், தங்கச்சி. தட்டுத்தடுமாறும் தமிழில் அந்தத் தாயால் “வா, சாப்பிடு, தூங்கு” என்றுதான் சொல்ல முடியும். கதை, கொஞ்சல், கோபம், ஆறுதல் எல்லாம் ஒடியாவில்தானே இருக்கின்றன? அதைப் பிடுங்கினால் குழந்தைக்கு இரண்டு மொழியும் கிடைக்காது.

கையை ஆட்டுகிறாள் என்றீர்களே, அவள் கவனிக்கிறாள் என்றுதான் அதற்குப் பொருள். புதிய மொழிக்குள் வரும் பிள்ளைகள் வாரக்கணக்கில், சிலர் மாதக்கணக்கில்கூட, பேசாமல் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். எல்லோர் முன்னும் நிறுத்தி “இது என்ன, சொல்லு” என்று மட்டும் கேட்காதீர்கள், இன்னும் ஒடுங்கிவிடுவாள்.

கை கழுவும் நேரத்தைப் பயன்படுத்துங்கள். “தண்ணீர் ஊற்றுகிறேன், சோப்புப் போடு, நுரை வருகிறது பார், இப்போது துடை” என்று தினமும் அதே சொற்களை அதே வரிசையில், செய்துகொண்டே சொல்லுங்கள். சில நாள் கழித்து “நுரை...” என்று இழுத்து நிறுத்திப் பாருங்கள். சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, நீங்களே முடித்துவிடுங்கள். முட்டையை விரலால் காட்டினால் அதையே பதிலாக எடுத்துக்கொண்டு, “முட்டை வேண்டுமா? உரித்துத் தருகிறேன்” என்று பேச்சை வளர்த்துங்கள். சொப்புச் சாமான் விளையாட்டுக்கு அமைதியான ஒரு பிள்ளையை மட்டும் சேர்த்துவிடுங்கள், கூட்டம் வேண்டாம்.

ஒன்று கேட்க வேண்டும்: வீட்டில் பேசுகிறாளா? அங்கும் பேச்சில்லை என்றால் காத்திருக்கக் கூடாது, மருத்துவரிடம் காட்டியாக வேண்டும்.

கேள்வி கேட்டவர்

வீட்டில் ஓயாமல் பேசுகிறாளாம், அக்கா! தம்பியை அதட்டுவதுகூட அவள்தானாம். காதையும் பார்க்கச் சொல்கிறேன். நாளை ஷிப்ட் முடிந்து அம்மா அழைத்துப் போக வரும்போது, அவர் பாடும் ஒடியாத் தாலாட்டு ஒன்றைக் கைப்பேசியில் பதிவுசெய்து கொள்ளப் போகிறேன். பாட்டு நேரத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் போட்டுக் காட்டலாம் அல்லவா?

பதில் 2

தாராளமாக. நீங்களும் சேர்ந்து பாடுங்கள்.