இன்ஹேலர் விஷயத்தில் உங்களுக்கு மறக்காத ஒரு நாள்?

மஞ்சக்குப்பம் மகன்:
அம்மாவுக்கு ஃபார்மோடெராலும் புடெசோனைடும் சேர்ந்த ரோட்டாகேப். இரண்டு மாதம் ஆகியும் இரவு இருமல் நிற்கவில்லை. ஒரு நாள் சமையலறைக்குள் நுழைகிறேன், கேப்ஸ்யூலை வாயில் போட்டுச் சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்துக்கொண்டிருக்கிறார். "மாத்திரைதானேப்பா இது?" என்றார். கேப்ஸ்யூலைப் போட்டுப் பொடியை உள்ளிழுக்க வேண்டிய ரோட்டாஹேலர், டப்பா பிரிக்காமல் சாமி படத்துக்குப் பக்கத்தில் இருந்தது. திட்ட வாய் வரவில்லை. மருந்தை மாதாமாதம் வாங்கி வந்தவன் நான், ஒரு முறைகூடக் கூட நின்று பார்த்ததில்லை.

முத்தியால்பேட்டை:
எனக்குப் போகி. எங்கள் தெருவில் டயர் கொளுத்திவிட்டார்கள். 'நல்லாத்தானே இருக்கோம்' என்று தினமும் இழுக்கும், இரண்டு மருந்து கலந்த காம்பினேஷன் இன்ஹேலரை ஐப்பசியிலேயே நிறுத்தியிருந்தேன். விடிகாலையில், திணறினால் இழுக்கும் நீல பம்பைக் குலுக்கி அழுத்தினால் வெறும் காற்று. மறுபடி அழுத்தினேன், அதேதான். நெபுலைசர் மாஸ்க்கோடு உட்கார்ந்திருந்தபோதும் விரல் அழுத்திக்கொண்டே இருந்ததாம், வீட்டுக்காரர் சொன்னார்.

திருப்பாதிரிப்புலியூர் பெரியவர்:
அம்மா, பம்ப் தீர்ந்தது பிரச்சினை இல்லை, மற்றதை நிறுத்தியதுதான். ஃபார்மோடெரால் சில நிமிடத்தில் மூச்சுக்குழாயைத் திறக்கும். உள்வீக்கத்தைக் குறைப்பது அதோடு கலந்த புடெசோனைடு போன்ற ஸ்டீராய்டு, அதற்கு நாள்கணக்கு, வாரக்கணக்கு ஆகும். ஆஸ்துமாவுக்கு நீல பம்பை மட்டும் நம்பக் கூடாது என்று உலக ஆஸ்துமா அமைப்பான 'ஜினா'வின் வழிகாட்டுதலே 2019இல் சொல்லிவிட்டது. ஃபார்மோடெரால் கலந்ததைத் திணறலின்போதும் இழுக்கச் சொல்கிறார்கள். சால்மெடெரால் கலந்தது அதற்கு ஆகாது, மெதுவாகத்தான் வேலை செய்யும். உங்களுடையது எது என்று டாக்டரிடம் கேளுங்கள். ஸ்டீராய்டு என்றதும் பயப்படாதீர்கள், அளவு மைக்ரோகிராமில்தான். பம்ப் என்றால் அதில் மாட்டி இழுக்கும் ஸ்பேசர் குழல் வாங்குங்கள். இழுத்ததும் வாய் கொப்பளித்துத் துப்புங்கள். நான் துப்பாமல் விட்டு, நாக்கில் வெள்ளை படிந்து, பத்து நாள் மீன்குழம்பு ருசியே தெரியவில்லை.

முத்தியால்பேட்டை:
நிறுத்தியது தப்புதான், ஐயா. ஆனால் மாதச் சம்பளத்தில் ஓடும் வீட்டில், மூச்சு சரியாக இருக்கும் மாதத்தில் முதலில் கைவைப்பது எதில் என்று நினைக்கிறீர்கள்?

மஞ்சக்குப்பம் மகன்:
பெரியவரே, அம்மாவுக்கு ஆஸ்துமா இல்லை, சி.ஓ.பி.டி. என்கிற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். பீடி சிகரெட் தொட்டதில்லை, நாற்பது வருஷ விறகடுப்பு. நீங்கள் சொன்னது அவருக்கு அப்படியே பொருந்தாது என்றார் டாக்டர். இப்போது தினமும் இரண்டு வேளையும் பக்கத்தில் உட்கார்கிறேன். இழுத்தபின் பத்து எண்ணும்வரை மூச்சை அடக்க வேண்டும். ஏழு வரை வந்துவிட்டார்.