போஜொலே ஒயினோடு எதைச் சாப்பிட்டீர்கள்? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

சோன் கரை

பழவாசம் தூக்கலாக இருக்கும் சிவப்பு ஒயின் என்றாலே ஒரு படி குறைவு என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. அவர்களை நினைத்துத்தான் இதை எழுதத் தொடங்குகிறேன். பிரான்சின் லியோன் நகரில், பூஷோன் எனப்படும் உள்ளூர்ப் பாரம்பரிய உணவகம் ஒன்றின் அடுக்களையில் வேலை பார்க்கிறேன். எங்கள் மேசைகளுக்கு அதிகம் போவது போஜொலேதான். நகரத்துக்கு வடக்கே, மக்கோன் வரை நீளும் குன்றுகளில் விளையும் காமே திராட்சையில் செய்தது. ரோன், சோன் என்ற இரண்டு நிஜ ஆறுகளோடு போஜொலேயையும் சேர்த்து, லியோனுக்கு மூன்று ஆறுகள் என்று இந்த ஊரார் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

இந்த ஒயினின் பலமே அதன் துவர்ப்புக் குறைவுதான். நாக்கை உலரவைக்கும் டானின் இதில் கொஞ்சம், புளிப்போ நிறைய. பன்றி இறைச்சியைப் பதப்படுத்தி உலர்த்திய ரொசெட்டை மெல்லிய வில்லைகளாக வெட்டித் தருவோம். அதன் கொழுப்பு நாக்கில் படிந்திருக்கும்போது ஒரு வாய் போஜொலே குடித்தால் புளிப்பு அந்தப் படிவைக் கழுவிவிடும். அடுத்த வில்லை மறுபடியும் முதல் வில்லை போலவே ருசிக்கும். கனமான ஒயின் இந்த வேலையைச் செய்யாது, தன் ருசியை இறைச்சியின் மேல் ஏற்றிவிடும்.

என்னை மிகவும் வியக்கவைத்தது லியோன் சாலட். கசப்பான கீரை, வறுத்த பன்றிக்கொழுப்புத் துண்டுகள், நீரில் வேகவைத்த அரைவேக்காட்டு முட்டை, மேலே வினிகர் கலந்த எண்ணெய். வினிகரும் மஞ்சள் கருவும் சேர்ந்தால் பெரும்பாலான ஒயின்கள் தோற்றுவிடும். வினிகருக்கு முன்னால் அவை சப்பென்று ஆகும். காமேயிடம் தனக்கென்று புளிப்பு இருப்பதால் அது நிமிர்ந்து நிற்கிறது. சாலட்டுக்குச் சிவப்பு ஒயினா என்று தயங்கும் விருந்தினர்களுக்கு பரிமாறுபவரிடம் நானே இதைச் சொல்லி அனுப்புவேன்.

ஒரே ஒரு வேண்டுகோள்: இதை அறை வெப்பத்தில் ஊற்றாதீர்கள். 12 முதல் 14 டிகிரி வரை குளிர்ந்திருக்க வேண்டும். சூடேறினால் சாராய நெடி முன்னே வந்து பழவாசம் மங்கிவிடும். இங்கே 46 சென்டிலிட்டர் கொள்ளும் அடிகனத்த கண்ணாடிக் குப்பியில் ஊற்றிக் கொண்டுபோவார்கள். அந்த அடிக்கனம் குப்பியைச் சாயாமல் நிறுத்துகிறது.

கொத்து அறுப்பவன்

நான் அந்தக் குன்றுகளில் அறுவடை வேலைக்குப் போகிறவன். கொடிகள் இடுப்பளவுகூட இருக்காது; குனிந்த முதுகு மாலையில்தான் நிமிரும். எந்திரம் விடாமல் கையால் அறுப்பதற்குக் காரணம் இருக்கிறது. கொத்து உடையாமல் முழுதாகத் தொட்டிக்குள் போக வேண்டும். மேலே இருக்கும் பாரத்தில் அடியில் உள்ள பழங்கள் நசுங்கி நொதிக்கத் தொடங்கும். அதிலிருந்து எழும் கரியமில வாயு தொட்டியை நிறைக்கும். காற்றில்லாத அந்த இடத்தில், நசுங்காத பழங்களின் உள்ளேயே ஒரு நொதித்தல் நடக்கும். தோலிலிருந்து டானின் அதிகம் இறங்குவதற்குள் பழச்சாறு ஒயினாக மாறத் தொடங்கிவிடும். மேலே எழுதியவர் சொன்ன துவர்ப்புக் குறைவுக்கும் பழவாசத்துக்கும் இதுதான் பெரும் காரணம்.

உணவைப் பற்றிச் சொல்கிறேன். நடுக்காலையில் வரப்பில் உட்கார்ந்து ரொட்டியும் தொத்திறைச்சியும் வெள்ளாட்டுப் பாலாடைக்கட்டியும் சாப்பிடுவோம். அப்போது குடிக்கும் ஒயினை வேறெங்கும் ருசித்ததில்லை. ஆனால் என் மனதில் முதலிடம் குளிர்காலத்தில் செய்வதற்குத்தான். பிழிந்தபின் எஞ்சும் திராட்சைச் சக்கையில் தொத்திறைச்சியைப் புதைத்து, ஆவியில் வேகவைப்பார்கள். இறைச்சியே ஒயின் வாசம் ஏறி வெளியே வரும். அவித்த உருளைக்கிழங்கோடு, அதே சரிவில் விளைந்த ஒயினோடு உண்ண வேண்டும். வேறு ஒயினை அதன் பக்கத்தில் வைக்க எனக்கு மனம் வராது.

நவம்பர் வியாழன்

பாரிசில் இருக்கிறேன். போஜொலே நூவோ பற்றி யாரும் பேசவில்லையே! அறுவடை முடிந்த சில வாரங்களிலேயே புட்டிக்கு வரும் இளம் ஒயின். 1985 முதல் நவம்பர் மாதத்தின் மூன்றாவது வியாழக்கிழமை வெளியிடுகிறார்கள். வாழைப்பழ வாசம் வருகிறதே, ஏதேனும் சேர்க்கிறார்களா என்று நண்பர்கள் கேட்பார்கள். ஒன்றும் சேர்ப்பதில்லை. நொதிக்கும்போது உண்டாகும் ஐசோஅமைல் அசிடேட் என்ற சேர்மம்தான் அது. பழுத்த வாழைப்பழத்திலும் அதுவே இருக்கிறது.

எங்கள் வீட்டில் அன்று அடுப்பில் வாட்டிய முழுக் கோழி. மொறுமொறுப்பான தோலும் கீழே வடியும் சாறும் இந்த ஒயினுக்காகவே அமைந்தவை. மாட்டிறைச்சி வறுவலோடும் வைத்துப் பார்த்தேன். ஒயின் இருக்கும் இடமே தெரியவில்லை.

புதியவர்

எல்லாரும் எழுதியதை ஆசையோடு படித்தேன். இரண்டு கேள்விகள். மிளகாய்க் காரமான உணவோடு இது சேருமா? மீனோடு சிவப்பு ஒயின் குடித்தால் வாயில் உலோக வாடை அடிக்கிறது, போஜொலேயிலும் அப்படி ஆகுமா?

சோன் கரை

நல்ல கேள்விகள். காரத்தோடு சேரும், ஓரளவுக்குத்தான். சாராயம் மிளகாயின் எரிச்சலைக் கூட்டும். அதனால் சாராய அளவு 12, 12.5 சதவீதம் உள்ள புட்டியைத் தேர்ந்தெடுத்து நன்றாகக் குளிரவைத்துக் குடியுங்கள். வெயில் கடுமையான ஆண்டுகளில் 14 வரையும் போகிறது. அவை காரத்துக்கு ஆகாது. துவர்ப்பான சிவப்பு ஒயின் காரத்தின் முன் கசந்துவிடும், அந்த ஆபத்து இதில் குறைவு.

மீன் வாடைக்குக் காரணம் ஒயினில் உள்ள இரும்பு, மீனின் கொழுப்போடு சேர்வது. எனவே டானின் குறைந்தாலும் அது முழுதாகப் போய்விடும் என்று சொல்ல மாட்டேன். எண்ணெய் மிகுந்த மீன்களோடு தவிர்த்துவிடுங்கள். எங்கள் உணவகத்தில் பைக் என்ற நன்னீர் மீனை அரைத்துச் செய்யும் கெனெல்லுக்கு வெள்ளை ஒயினைத்தான் அனுப்புகிறோம், அதுவே சரி.

மாட்டிறைச்சி பற்றி பாரிஸ்காரர் சொன்னதற்கு ஒரு மறுமொழி. நூவோவை வைத்து போஜொலே முழுவதையும் எடைபோடாதீர்கள். வடக்கே, கருங்கல் மண் நிறைந்த பகுதியில், தங்கள் பெயரிலேயே ஒயின் விற்கும் பத்து இடங்கள் இருக்கின்றன, க்ரூ என்பார்கள். அதே காமேதான், ஆனால் தொட்டியில் கூடுதல் நாட்கள் ஊறும். ஃப்ளூரி மென்மையானது, மலர் வாசம் கொண்டது. கோழிக்கும் வாத்து ஈரல் பக்குவத்துக்கும் ஏற்றது. மொர்கோனும் மூலான்-அ-வானும் இறுக்கமானவை, நல்ல ஆண்டுகளில் பத்து வருடமும் தாங்கும். ஒயினில் ஊறவைத்து மெதுவாக வேகவைத்த சேவல் குழம்போடு பழைய மொர்கோனை ஒருமுறை வைத்துப் பாருங்கள். 1395 இல், வடக்கே பக்கத்தில் இருக்கும் பர்கண்டிப் பகுதியின் கோமகன் பிலிப் தன் நிலத்திலிருந்து காமே கொடிகளைப் பிடுங்கி எறிய ஆணையிட்டான். அந்தக் கொடி தெற்கே இந்தக் கருங்கல் மண்ணில் இப்படி ஒயின் தருகிறது என்பதில் எனக்குச் சொல்லி முடியாத மகிழ்ச்சி.

பாலாடைக்கட்டியில் சென்-மார்செலான் எங்கள் தேர்வு. வழிந்தோடும் அளவுக்குப் பழுத்ததைத் தவிர்த்து, நடுவில் இன்னும் கொஞ்சம் உறுதி இருக்கும்போது எடுங்கள்.

பத்தில் மிகச் சிறியதான ஷெனா எங்களுக்கு அரிதாகவே கிடைக்கிறது. அதை முயல் இறைச்சியோடோ காளானோடோ ருசித்தவர்கள் இருந்தால், எப்படிச் சமைத்தீர்கள், எந்த ஆண்டு ஒயின் என்பதோடு எழுதுங்கள்.