கழுத்திருல இருக்குற தங்கம் சூரியன்ல உருவானதா?

செக்காலைவாசி:
தங்கச்சிக்கு தாலி கட்டுற திருப்பூட்டு சடங்குக்காக அப்பத்தாவோட கழுத்திருவ, அதான் எங்க செட்டிநாட்டு தங்கத் தாலிய, லாக்கர்லேர்ந்து எடுத்து பத்தர்கிட்ட காட்டுனோம், அவரு உரைகல்லுல ஒரு இழுப்பு இழுத்து ஆசிட் விட்டு பாத்துட்டு நல்ல மாத்துன்னாரு. காலேஜ் படிக்கிற தம்பி இதெல்லாம் நட்சத்திரத்துல செஞ்சதுங்குறான். அப்ப நம்ம சூரியன்லயும் தங்கம் உருவாகுதா?

கோட்டையூர் வாத்தியார்:
சூரியன்ல தங்கம் துளியூண்டு இருக்கு தம்பி, ஆனா சூரியன் செஞ்சதில்ல, அது பொறந்த வாயு மேகத்துலயே முன்னாடியே கெடந்தது. சூரியன் கடைசி காலத்துல கார்பன், ஆக்ஸிஜன் வரைக்கும் போகும், அவ்வளவுதான். ரொம்ப பெரிய நட்சத்திரம் இரும்பு வரைக்கும் போகும், அதுக்கு மேல அணுக்கருவ சேத்தா எனர்ஜி வராது, நாமதான் போடணும். அதனால இரும்ப தாண்டுனதுல பெரும்பாலும் நியூட்ரான புடிச்சு வளந்ததுதான். வயசான சிவப்பு ராட்சச நட்சத்திரத்துல இது மெதுவா நடக்கும், பேரியம், ஈயமெல்லாம் பெரும்பாலும் அப்படி வந்தது. தங்கம், பிளாட்டினம், யுரேனியத்துக்கு நியூட்ரான் மழையா கொட்டணும், எல்லாம் சில விநாடில முடிஞ்சுரும். 1957லயே பர்பிட்ஜ் தம்பதி, ஃபவுலர், ஹாயில் நாலு பேரும் இத எழுதிட்டாங்க. அந்த ஃபவுலர்தான் 1983ல நம்ம சந்திரசேகரோட நோபல் வாங்குனவரு.

பள்ளத்தூர் பொண்ணு:
வாத்தியார் சொன்ன மழை எங்க பெய்யுதுன்னு 2017 ஆகஸ்ட் 17ல பாத்துட்டாங்க அண்ணே! சுமார் 13 கோடி ஒளியாண்டு தூரத்துல ரெண்டு நியூட்ரான் நட்சத்திரம் (பெரிய நட்சத்திரம் வெடிச்சப்புறம் மிஞ்சுற, நியூட்ரான் நெருக்கிக் கெடக்குற உருண்டை) மோதுனப்ப வெளிய நடுங்க வச்ச ஈர்ப்பலைய லைகோ, விர்கோங்குற ஆய்வுக்கூடங்க புடிச்சுச்சு, 1.7 விநாடி கழிச்சு காமா கதிர் வெடிப்பு, அப்புறம் டெலஸ்கோப்ல பாத்தா நீலமா இருந்த வெளிச்சம் சில நாள்லயே செவந்து போச்சு, கனமான தனிமங்கள் நெறைய உருவானாதான் அப்படி செவக்கும். ஆனா நேரா தங்கத்தையே பாத்துட்டாங்கன்னு வந்த செய்திய அப்படியே எடுத்துக்காதீங்க, அந்த வெளிச்சத்துல பேர் சொல்லி மொதல்ல அடையாளம் கண்டது ஸ்ட்ரான்ஷியம், அதுவும் 2019லதான். மோதல் மட்டும்தான் வழின்னும் இல்ல, 2004ல ஒரு மேக்னட்டார் (காந்த சக்தி ரொம்ப அதிகமான நியூட்ரான் நட்சத்திரம்) வெடிச்சப்பவும் இந்த நியூட்ரான் மழை நடந்துச்சுன்னு 2025ல ஆய்வு வந்துச்சு.

செக்காலைவாசி:
அப்ப பூமிக்குள்ள எப்படி வந்துச்சு? நகைல கலக்குற செம்பும் அதே மோதல்லதானா?

கோட்டையூர் வாத்தியார்:
செம்பு வேற கத தம்பி, பெரும்பாலும் பெரிய நட்சத்திரங்களுக்குள்ள மெதுவா நியூட்ரான் புடிச்சு உருவாகி, அது வெடிக்கும்போது வெளிய வந்தது. பூமி உருகிக் கெடந்தப்ப தங்கத்துல முக்காவாசிக்கு மேல இரும்போட சேந்து மையத்துக்கு எறங்கிருச்சு. மேல இருக்குறதுல பெரும்பகுதி பின்னாடி விழுந்த விண்கல்லுல வந்ததுன்னுதான் பலரும் சொல்றாங்க. சாதாரண பாறைல டன்னுக்கு சில மில்லிகிராம்தான் தேறும். கோலார் மாதிரி எடத்துல பாறை வெடிப்புல சுடுதண்ணி ஓடி அத ஒரே எடத்துல சேத்து வச்சதாலதான் தோண்ட முடிஞ்சுது.