மறு: காருக்குள்ள பிளாஸ்டிக் கீறல், என்ன சொல் வைக்கலாம்?

> "நெகிழி உட்பூச்சுக் கீறல் நீக்கம்" என முன்மொழிகிறேன். மறுப்பு இருந்தால் தெரிவிக்கவும்.

மறுப்பு இருக்குதுங்க ஐயா. நெகிழியைப் பத்தி நான் வாயே தொறக்கல, அது பழகிடுச்சு. ஆனா பூச்சுன்னு போட்டா படிக்கிறவங்க பெயின்ட்டுன்னு தான் நெனப்பாங்க. டோர் பேடுலயும் டிக்கி ஓரத்துலயும் பெரும்பாலும் பெயின்ட்டே கெடயாது, வார்க்கும்போதே கலரைப் பிளாஸ்டிக்கோட கலந்துடறாங்க, அதனால கீறல் எவ்ளோ ஆழம் போனாலும் உள்ளயும் அதே கருப்பு தான். அப்புறம் ஏன் வெள்ளையா தெரியுதுன்னா, பாலிப்ரொப்பிலீன்ல (இந்தப் பாகங்களை வார்க்கற பிளாஸ்டிக்) நெறைய எடத்துல டால்க் மாவு சேர்த்திருப்பாங்க, கீறுன எடத்துல மேல்பரப்பு பிஞ்சு பிசிறு பிசிறா நிக்கும், வெளிச்சம் அதுல பட்டு சிதறி வெளுத்துத் தெரியும். தகரத்தையும் ஒயரையும் மறைக்கத்தான இந்தப் பிளாஸ்டிக் பாகத்தை மாட்டுறாங்க, உட்பூச்சுக்குப் பதிலா "உள்மறைப்பு"ன்னு வெச்சா போதும். (உள்ளுறைன்னு ஒருத்தர் சொன்னீங்க, நல்லா தான் இருக்குது, ஆனா சங்கப் பாட்டுல அது மறைபொருள் உவமைக்குப் பேரு, படிச்சவங்க சண்டைக்கு வருவாங்க.)

அடுத்து "நீக்கம்". சென்னை மூலக்கடை பக்கம் ஒரு டிங்கரிங் பட்டறைல கால் டாக்சி ஒண்ணுக்கு வேலை நடக்கறப்ப பக்கத்துல நின்னு பாத்தேன். தண்ணி கேனை ஏத்தி எறக்கி டிக்கி ஓரம் பூரா வெள்ளைக் கோடு. சோப்புத் தண்ணி விட்டுத் தொடச்சு காயவிட்டு, சூடான காத்து ஊதற ஹீட் கன்னை ஒரு எடத்துல நிறுத்தாம ஆட்டிகிட்டே போனாங்க, பாத்துட்டு இருக்கும்போதே வெள்ளை மங்கி கருப்பு திரும்பிடுச்சு. எதையும் சுரண்டி எடுக்கல, பிசிறு எளகி பழையபடி படிஞ்சிடுச்சு அவ்ளோ தான். கன்னைப் புடிச்சிருந்த பையன் கொஞ்சம் அசந்தான், உடனே மேஸ்திரி "டேய், சூடு காட்டுடா, சூடு வெக்காத"ன்னாரு. ரெண்டு வார்த்தைக்கும் நடுவுல இருக்கற வித்தியாசம் தான் மொத்தத் தொழிலும். பாலிப்ரொப்பிலீன் 160 டிகிரி வாக்குல உருகிடும், ஹீட் கன் 500 வரைக்கும் கக்கும், ஒரே எடத்துல நின்னா பளபளன்னு ஒரு திட்டு விழுந்துடும், அதை எவனாலயும் திருப்ப முடியாது. அதனால "சூடுகாட்டல்"னே பதிவு பண்ணுங்க, வெப்பத்துப்பாக்கிச் செப்பனிடல் எல்லாம் நாக்கு சுளுக்கிக்கும்.

மேல இருக்கற சொரசொரப்புக்கு "இழையமைப்பு"ன்னு போட்டிருக்கீங்க. அதுல இழை எங்க இருக்குது? அச்சு இரும்புல ஆசிட் வெச்சு அரிச்சு கோலம் எடுப்பாங்க, அது அப்படியே பிளாஸ்டிக்ல விழுது. பாதி வண்டில அது மாட்டுத்தோல் மாதிரி தான் இருக்கும், பெரியமேட்டுத் தோல் கடைங்கள்ல தோலைத் தடவிப் பாத்தவங்களுக்கு இது சொல்லவே வேணாம். என் ஓட்டு "தோல்வரி". உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீங்கன்னு சொல்றதே இதுக்குத்தான், கீறல் போவும், கூடவே தோல்வரியும் போயி மொட்டையா நிக்கும்.

> தோல்வரின்னா தோலுக்குப் போட்ட ஜிஎஸ்டி மாதிரி இருக்கே தல 😄

வரிக்குதிரை யாருக்குப்பா வரி கட்டுச்சு? விடு.

> ஆழமா தோண்டுப்பட்டதுக்கும் சூடு காட்டினா போதுமா?

போதாது. அதுக்குத் தான் கீறல்னு ஒரே சொல்லுல அடைக்காதீங்கன்றேன். வெளுப்புன்னா சூடுகாட்டல். பிளாஸ்டிக்கே பேந்து போயிருந்தா அது "பள்ளம்", அதுக்கு ஃபில்லர் ரொப்பணும், நல்லா இருக்கற எடத்துலேர்ந்து சிலிக்கோன்ல தோல்வரியைப் படி எடுத்து, ஃபில்லர் இறுகறதுக்குள்ள அழுத்தணும். அப்புறம் கலர். பாலிப்ரொப்பிலீன் மேல பெயின்ட் லேசுல ஒட்டாது, அடில ஒட்டுப்பூச்சு ஒண்ணு அடிக்கணும், இல்லன்னா நகம் பட்டாலே உரிஞ்சு வந்துடும் (ஐயா, உங்க "பூச்சு"வை இங்க வெச்சுக்கலாம்). பாகத்தோட முதுகுல பிபி (பாலிப்ரொப்பிலீன்), ஏபிஎஸ்னு எந்த வகைப் பிளாஸ்டிக்னு அச்சடிச்சிருக்கும், அதைப் பாத்துட்டு ஆரம்பிக்கறது நல்லது.

விளக்கக் குறிப்புல ஒரு வரி கட்டாயம் சேருங்க: ஏர்பேக் மூடி மேலயும் அதைச் சுத்தியும் சூடு காட்டக் கூடாது, ஃபில்லரும் வைக்கக் கூடாது. அங்க கீறல் விழுந்தா விழுந்தது தான்.