புதுப்பிப்பு: பூனை வீட்டில் பொம்மை வியாபாரம்

பூனை இருக்கும் வீட்டில் குரோஷே (கொக்கி ஊசிப் பின்னல்) பொம்மை பின்னி விற்கிறேன், முடி ஒட்டாமல் அனுப்புவது எப்படி என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

நூல்கண்டுகள் மூடி போட்ட டப்பாவுக்குப் போய்விட்டன. மூடியில் ஒரு ஓட்டை, அதன் வழியாக இழை மட்டும் வெளியே வரும். எங்கள் பூனை மகாராணி அதை முறைத்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாள், அது வேறு கதை. முடியைவிட அவள் நூலை விழுங்கிவிடுவாளோ என்பதுதான் எனக்குப் பெரிய பயம். பூனை நாக்கின் முட்கள் உள்நோக்கி வளைந்தவை; வாய்க்குள் போன நூலைத் துப்புவது அதற்குக் கஷ்டம். விழுங்கினால் குடலைச் சுருக்கி அறுத்துவிடலாம். நுனி வெளியே தெரிந்தாலும் நாமே இழுக்கக் கூடாது, நேராகக் கால்நடை மருத்துவரிடம்தான்.

முடிக்கு ஒட்டும் உருளை போதும். ஒவ்வாமைக்குப் போதாது. அதைக் கிளப்பும் புரதம் பூனையின் எச்சிலிலும் தோலிலும் இருந்து வருவது. முடியை எடுத்தாலும் தங்கிவிடும். அதனால் 'பூனை வளர்க்கும் வீட்டில் செய்தது' என்று ஒவ்வொரு பொம்மையின் விவரத்திலும் எழுதிவிட்டேன். ஆர்டர் குறையும் என்று சிலர் எச்சரித்தீர்கள். இப்போது பூனையின் படம் கேட்டுத்தான் வருகிறார்கள்! சரி, அவளைப் போலவே ஒரு பொம்மை பின்ன ஆரம்பித்திருக்கிறேன். காதுதான் இன்னும் நிமிர்ந்து நிற்க மாட்டேன் என்கிறது.